மனை போடும் முன் சாலை: ஒரு புதிய கவுன்சிலருக்குப் பதில்

நீங்கள் கேட்டது இது. உங்கள் நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்ந்திருக்கிறது. சுற்றியிருந்த ஊராட்சிகள் சிலவற்றை அதோடு சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் முதல்முறையாகக் கவுன்சிலர் ஆகியிருக்கிறீர்கள். ஊரை ஸ்மார்ட் சிட்டி என்கிற சீர்மிகு நகரமாக, தொழிலும் வருமானமும் பெருகும் இடமாக ஆக்க மாநகராட்சி முதலில் எதில் கை வைக்க வேண்டும்? ஊரைத் திரையில் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அறையா, கேமராவா, மேம்பாலமா?

என் பதில் உங்களுக்குச் சப்பென்று இருக்கலாம். சாலைக்கு இடம் பிடியுங்கள். இன்று நெல்லும் கருவேலமும் நிற்கிற இடத்தில், முதல் மனை விற்பதற்கு முன்பே பிடியுங்கள். கேமராவைப் பத்து ஆண்டு கழித்தும் வாங்கலாம், அதற்குள் விலையும் குறைந்திருக்கும். சாலைக்கான இடம் ஒருமுறை கைநழுவினால் வீடுகளை இடித்து, இழப்பீடு கொடுத்து, நீதிமன்றப் படியேறித்தான் மீட்க வேண்டும். நகரமைப்புப் பிரிவில் வரைபடங்களோடு பல ஆண்டு மாரடித்தவன் நான். அப்படி மீட்கப்பட்ட சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்பதற்கு, நகர ஓரத்தில் தினமும் நடக்கிற ஒன்றைப் பாருங்கள். மூன்று ஏக்கர் புஞ்சை விலைக்கு வருகிறது. மனை வணிகர் வாங்குகிறார். புல வரைபடத்தை, நாம் எஃப்.எம்.பி. என்று சொல்லும் அந்தத் தாளை விரித்து, வரப்பு எந்தக் கோணத்தில் போகிறதோ அதற்கு ஏற்றபடி நடுவில் 23 அடிச் சாலை ஒன்றை இழுக்கிறார். இருபுறமும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைகள். கல் நட்டு, மஞ்சள் அடித்து, முகப்பில் ஒரு வளைவு கட்டி, ‘பஸ் நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று பலகை வைக்கிறார். சாலையைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்கிறார். அங்கீகாரமும் வாங்குகிறார். எல்லாம் சட்டப்படி.

இரண்டு ஆண்டு கழித்துப் பக்கத்து நான்கு ஏக்கரில் வேறொருவர் இதையே செய்கிறார். அவர் நிலத்தின் வரப்பு வேறு கோணம். அவருடைய சாலை இருபது அடி தள்ளி வந்து, முதல் மனைப்பிரிவின் கடைசி வீட்டுச் சுற்றுச்சுவரில் முட்டி நிற்கிறது. அவரும் அங்கீகாரம் பெற்றவர்தான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு வரைபடமும் சுத்தம். சேர்த்து வைத்துப் பார்த்தால் உடைந்த தட்டை அவசரத்தில் ஒட்டியது போல இருக்கும். இப்படி நாற்பது மனைப்பிரிவு வந்த பிறகு அங்கே ஒரு நகரம் இருக்கும். ஆனால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒரு தெரு இருக்காது.

இதன் விலை பதினைந்து ஆண்டு கழித்துத்தான் தெரியும். நகரப் பேருந்து உள்ளே வராது, வந்தால் திரும்ப முடியாது. தீயணைப்பு வண்டி தெருமுனையில் நின்றுவிடும். பாதாளச் சாக்கடைக் குழாய் சரிவை நம்பி ஓடுவது. ஆனால் பொதுச் சாலைக்கு அடியில்தான் அதைப் பதிக்க முடியும், அடுத்தவர் வீட்டுக்கு அடியில் முடியாது. முட்டுச்சந்தில் தெரு முடிந்தால் குழாயும் அங்கே முடிகிறது. கழிவுநீரை அள்ளி மேலேற்ற ஓர் உந்து நிலையம், அதற்கு மோட்டார், மின்கட்டணம், இரவுக் காவலர். மழைநீர் வடிகாலின் கதை இன்னும் மோசம். தண்ணீர் எந்த அங்கீகாரத்தையும் மதிப்பதில்லை, பள்ளத்தில் இருக்கிற மனைப்பிரிவைத் தேடிப் போய் நிற்கும். தையல் கடையோ மருந்துக் கடையோ வைக்க நினைப்பவர் ஆள் நடமாடும் தெருவைத் தேடுகிறார். அப்படித் தெரு இல்லாத வட்டாரத்தில் கடை வராது, கடை இல்லாத இடத்தில் வேலை வராது. நீங்கள் கேட்ட ‘வளம்’ இங்கேதான் தேய ஆரம்பிக்கிறது.

அங்கீகாரமே இல்லாத மனைகளின் கதை உங்களுக்குத் தெரியும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டியவருக்கு ஒரு காகிதம் கிடைத்தது. மனை வாங்கி மாட்டிக்கொண்ட நடுத்தரக் குடும்பத்துக்கு அந்தக் காகிதம் பெரிய நிம்மதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரன்முறைப்படுத்தியதால் எந்தச் சந்தும் ஓர் அடிகூட அகலமாகவில்லை.

நகர நிலத்தில் சுமார் 30 விழுக்காடாவது தெருக்களாக இருக்க வேண்டும் என்பது ஐ.நா. வாழ்விட அமைப்பின் பரிந்துரை. நம் மனைப்பிரிவுகளுக்குள்ளே கூட்டிப் பார்த்தால் தெருவின் பங்கு ஓரளவு தேறும். பெரிய சாலைகள்தாம் காணாமல் போகும். எல்லோரும் தங்கள் வீட்டு வாசலுக்கு வழி விட்டிருப்பார்கள். ஊருக்கு வழி விட ஆள் இருக்காது. அந்த வேலைக்குத்தான் மாநகராட்சி என்று ஒன்றை வைத்திருக்கிறோம்.

இது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. சென்னையில் இதன் பழைய சான்று தி.நகர். அதன் முன்கதையில் ஒரு சுவாரசியம் உண்டு. பாட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞரைச் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் அழைத்தார். நகரமைப்பு பற்றிய வரைபடங்களும் படங்களும் கொண்ட தன் கண்காட்சியைக் கெடஸ் கப்பலில் அனுப்பிவைத்தார். 1914-ல் அந்தக் கப்பலை மூழ்கடித்தது வேறு யாருமில்லை, சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி நம் மொழிக்கு ஒரு சொல்லையே கொடுத்துவிட்டுப் போன அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்தான். மனிதர் சளைக்கவில்லை. வேறு படங்களைத் திரட்டி 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார். பிறகு லான்செஸ்டர் என்ற நகரமைப்பாளர் சென்னைக்காக வேலை செய்தார். 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 முதல் 1925 வரை மாம்பலம் பக்கம் தெருக்கள் போடப்பட்டன. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலச் சாலைகள், அவற்றை இணைக்கும் குறுக்குத் தெருக்கள். வீடுகள் பிறகுதான் வந்தன.

அன்று அங்கே ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் வரும் என்று யாரும் திட்டமிடவில்லை. தோட்டத்தோடு கூடிய குடியிருப்பாகத்தான் அதை நினைத்தார்கள். ஆனால் எந்த மூலையிலிருந்தும் உள்ளே வந்து எந்த மூலையிலும் வெளியேறலாம் என்ற அமைப்பு இருந்ததால், காலம் மாறியபோது அது வணிகத்துக்கும் இடம் கொடுத்தது. நல்ல தெருவமைப்பு, எதிர்காலம் என்ன என்று தெரியாமலே அதற்கு இடம் விட்டுவைக்கிறது. 1811-ல் நியூயார்க் நகரத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொடவில்லை. தீவின் தென்முனையில் ஒடுங்கிக் கிடந்த ஊர் அது. அப்போதே 155-வது தெரு வரை வரைபடத்தில் கோடு போட்டுவிட்டார்கள். வெறும் காட்டுக்கும் பாறைக்கும் தெரு எண்ணா என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

தி.நகரைப் பாராட்டியதோடு அதன் பாவத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தெருக்கள் போடப்பட்டது ஏரியின் மேல். அண்ணா சாலைக்கு மேற்கே நீண்டு கிடந்த நெடிய ஏரியை வடித்துவிட்டுத்தான் நகரைக் கட்டினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரியாக இருந்த இடத்தில்தான். 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றபோது, ஸ்மார்ட் சிட்டி பணம் இவ்வளவு செலவழித்துமா என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நூறு ஆண்டுக்கு முன் எடுத்த முடிவும் அந்தத் தண்ணீரில் கலந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே, சாலைக்கு முன்னால் நீருக்குக் கோடு போடுங்கள். ஏரி, அதன் வரத்து வாய்க்கால், நிரம்பினால் வழியும் கலங்கல், உபரிநீர் போகும் ஓடை. எல்லாம் கிராமத்தின் நில விவரம் எழுதிய ‘அ’ பதிவேட்டிலும் வரைபடத்திலும் இருக்கின்றன. அவற்றில் கை வைக்காமல் மிஞ்சுவதுதான் நீங்கள் சாலை போடக்கூடிய நிலம்.

சரி, கோடு போடுவது எளிது. நிலம் யாருடையது? அடுத்த கேள்வி இதுதான். இங்கேதான் ‘சிங்கப்பூர் போல மாற்றுவோம்’ என்கிற மேடைப் பேச்சு உடைந்துபோகிறது. சிங்கப்பூரின் நிலத்தில் சுமார் 90 விழுக்காடு அரசுக்குச் சொந்தம். 1966-ல் ஒரு நில எடுப்புச் சட்டத்தைப் போட்டு, குறைந்த விலையில் வாங்கிச் சேர்த்த நிலம் அதில் பெரும்பங்கு. சொந்த நிலத்தில் திட்டம் போடுவதற்கும் ஆயிரம் பட்டாதாரர்களின் நிலத்தில் திட்டம் போடுவதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்குமானது. உங்கள் மாநகராட்சியிடம் இருப்பது கொஞ்சம் புறம்போக்கு. அதிலும் பாதியில் யாரோ குடியிருப்பார்கள்.

நமக்குப் பொருந்தும் பாடம் அகமதாபாத்தில் இருக்கிறது. 1915-ல் பம்பாய் மாகாணம் இயற்றிய நகரமைப்புச் சட்டத்தின் வழித்தோன்றல்தான் குஜராத்தின் 1976-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ‘டவுன் பிளானிங் ஸ்கீம்’ என்றொரு முறை. அங்கே எல்லோரும் டி.பி. என்பார்கள். மனை வாங்கப்போகிறவர்கூட ‘டி.பி. ஆன நிலமா?’ என்றுதான் முதலில் கேட்பார். நம் ஊரில் ‘அப்ரூவ்டா?’ என்று கேட்பது போல.

அது நடக்கும் விதம் இப்படி. நூறு ஹெக்டேர் போல ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் இருக்கிற எல்லா நிலங்களையும் வரைபடத்தில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். யாரிடமும் விலைக்கு வாங்குவதில்லை. சாலை, பூங்கா, பள்ளி, குறைந்த வருமானக்காரர்களின் வீடு ஆகியவற்றுக்கு இடம் பிரித்துவிட்டு, மீதியை ஒழுங்கான வடிவில் திரும்ப வெட்டி, ஒவ்வொருவருக்கும் அவருடைய பழைய நிலத்துக்குக் கூடியவரை பக்கத்திலேயே கொடுக்கிறார்கள். நிலம் குறையும், ஆனால் கோணல்மாணலாக, வழியில்லாமல் கிடந்தது சாலை முகப்போடு நேராகிவிடும். சட்டம் காட்டும் அளவுகள்: சாலைக்கு 15 விழுக்காடு, பூங்காவுக்கும் திறந்தவெளிக்கும் 5, பள்ளி மருத்துவமனைக்கு 5, எளியவர் வீட்டுக்கு 10 வரை, செலவை ஈடுகட்டத் திட்டத்தை நடத்தும் ஆணையமே விற்றுக்கொள்ள 15. மொத்தத்தில் பாதி நிலம் வரை பிடிக்கலாம்.

பாதி நிலத்தைக் கொடுக்க எந்த மடையன் சம்மதிப்பான் என்று கேட்பீர்கள். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒருவரிடம் 100 சென்ட். சாலை இல்லாததால் சென்ட் ஒரு லட்சம், ஆகக் கையில் ஒரு கோடி. திட்டத்துக்குப் பிறகு அவருக்கு 60 சென்ட் திரும்புகிறது. இப்போது முன்னால் அகலச் சாலை, பக்கத்தில் பூங்கா. சென்ட் மூன்று லட்சம், ஆக 1.80 கோடி. எடுத்துக்கொண்ட 40 சென்டுக்குப் பழைய விலையில் 40 லட்சம் இழப்பீடு அவருக்குச் சேர வேண்டும். மறுபுறம், கையில் மிஞ்சிய 60 சென்டின் மதிப்பு திட்டத்தால் 1.20 கோடி ஏறியிருக்கிறது. அந்த ஏற்றத்தில் பாதி வரை பங்களிப்பாகக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அது 60 லட்சம். ஒன்றை ஒன்றில் கழித்தால் அவர் கட்ட வேண்டியது 20 லட்சம். எல்லாம் போக அவரிடம் 1.60 கோடி இருக்கிறது. ஊருக்குச் சாலையும் கிடைத்தது, குழாய் பதிக்கப் பணமும் கிடைத்தது, நிலத்தை இழந்து நகரத்தை விட்டே போனவர் என்று யாரும் இல்லை. நடைமுறையில் மதிப்பு ஏற்றத்தைக் குறைத்தே கணக்கிடுவார்கள், பணமும் முழுதாக வசூலாகாது. அடிப்படை மட்டும் இதுதான். சாலை வந்ததால் ஏறிய விலையில் ஒரு பங்கு அந்தச் சாலைக்கே திரும்ப வேண்டும்.

அகமதாபாத்தைச் சுற்றி ஓடும் 76 கிலோமீட்டர் சர்தார் படேல் வட்டச் சாலைக்கு நிலம் கிடைத்த வழியில் இந்த முறைக்குப் பெரும்பங்கு உண்டு. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் தரைமட்டமான புஜ் நகரத்தின் கோட்டைப் பகுதியிலும் இதையே கையாண்டார்கள். அங்கே செய்த ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். மிகச் சிறிய மனைக்காரரிடமிருந்து ஒன்றும் எடுக்கவில்லை. மனை பெரிதாகப் பெரிதாக எடுக்கும் விழுக்காட்டைக் கூட்டினார்கள். முப்பது சதுர மீட்டர் வைத்திருப்பவரிடம் போய்ப் பத்து விழுக்காடு கொடு என்றால் அவர் எங்கே போவார்?

குறைகளும் உண்டு. டி.பி. திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ஒவ்வொரு பட்டாதாரரின் ஆட்சேபணையையும் கேட்டு முடிப்பதற்குள் வரைபடத் தாளே மக்கிவிடும். 1999-ல் சட்டத்தைத் திருத்தி, வரைவுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தவுடனே சாலை நிலத்தைக் கையகப்படுத்தலாம் என்றார்கள். அதன் பிறகுதான் வேகம் வந்தது. பட்டா இல்லாத குத்தகைக்காரர், வாடகைக்காரர், குடிசைவாசி ஆகியோருக்கு இந்தக் கணக்கில் வரிசையே கிடையாது. எளியவர் வீட்டுக்கென்று ஒதுக்கும் இடம் அவர்கள் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதைத் தனியாகக் காவல் காக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை ஆந்திரத்திலிருந்து. 2015-ல் புதிய தலைநகரான அமராவதிக்காக விவசாயிகள் 33,000 ஏக்கருக்கு மேல் நிலத் தொகுப்பில், அதாவது இதே போல நிலத்தைச் சேர்த்து மனையாகத் திரும்பத் தரும் முறையில், கொடுத்தார்கள். வானம் பார்த்த நிலம் ஓர் ஏக்கருக்கு ஆயிரம் சதுர கஜம் குடியிருப்பு மனை, 250 சதுர கஜம் வணிக மனை, பத்து ஆண்டுக்கு ஆண்டுத்தொகை என்பது ஒப்பந்தம். 2019-ல் ஆட்சி மாறியது, மூன்று தலைநகரம் என்றார்கள், வேலை நின்றது. உழுத நிலமும் போய், மனையும் வராமல் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தார்கள். 2024-ல் மறுபடி ஆட்சி மாறிய பிறகு பணி திரும்பத் தொடங்கியது. நிலத் தொகுப்பின் மூலதனம் நம்பிக்கை. ஒரே மூச்சில் முப்பதாயிரம் ஏக்கர் என்று ஆரம்பிப்பதைவிட, உங்கள் வார்டு ஓரத்தில் நூறு ஏக்கர் எடுத்து, மூன்று ஆண்டில் முடித்து, அடுத்த ஊர்க்காரரை அழைத்து வந்து காட்டுவது எவ்வளவோ மேல். தமிழ்நாட்டிலும் நிலத் தொகுப்புக்காகச் சட்டம் திருத்தப்பட்டு விதிகள் வந்துவிட்டன. கருவி கையில் இருக்கிறது.

நிலத் தொகுப்புக்கே தெம்பில்லாத ஊர்கள் என்ன செய்யலாம்? எத்தியோப்பியாவில் ஹவாசா, மெக்கெலே, அடாமா, பஹிர் தார் ஆகிய நான்கு நகரங்கள் ஒரு சிக்கன வழியைப் பின்பற்றின. நகரம் இன்னும் முப்பது ஆண்டில் எவ்வளவு தூரம் பரவும் என்று தாராளமாகக் கணக்கிட்டு, அந்தப் பரப்பு முழுவதும் சுமார் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக அகலமான பெருஞ்சாலைகளுக்கு மட்டும் இடத்தை அடையாளமிட்டார்கள். தார் போடவில்லை. மண்பாதைதான். உள்தெருக்களை அப்புறம் யார் எப்படிப் போட்டாலும் அரை கிலோமீட்டர் நடந்தால் பஸ் போகிற சாலை வந்துவிடும், பெருங்குழாயும் அங்கே கிடக்கும். நான் பார்த்த யோசனைகளில் ஏழை நகரத்துக்கு இதைவிட மலிவானது கிடையாது.

ஏழைகள் என்று வந்ததும் நம் ஊர் அனுபவம் ஒன்று. 1977-ல் உலக வங்கிக் கடனில் சென்னையில் தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் வீடு கட்டித் தராமல், தெருவும் குழாயும் கழிப்பறையும் உள்ள சிறு மனைகளைக் கொடுத்தார்கள். கையில் காசு சேரச் சேர நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். முதல் சில ஆண்டுகள் மனைகள் காலியாகக் கிடந்தன. தோல்வி என்று எழுதிவிட்டார்கள். திட்டம் முடிந்து இருபது ஆண்டுக்கும் மேல் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது மாடிவீடும் கடையும் பள்ளியுமாக, வசதி உள்ளவரும் இல்லாதவரும் கலந்து வாழும் உயிருள்ள பகுதிகளாக இருந்தன. பெரிய மனையும் சிறிய மனையும் ஒரே தெருவமைப்பில் அமைந்ததுதான் காரணம் என்பது என் கணிப்பு. நகருக்குள்ளிருந்து பெயர்த்து, வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டிய தூரத்தில் அடுக்குமாடிகளில் குடியமர்த்துகிற இப்போதைய பழக்கத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படிக் குடியமர்த்திய கண்ணகி நகருக்கு ஒருமுறை போய்விட்டு, அதே நாளில் அரும்பாக்கத்துக்கும் போய்வந்தால் நான் சொல்வது புரியும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் புதுமை ஒன்றுமில்லை, துணிச்சல்தான் இல்லை. சென்னையில் சொத்து வரி 1998-ல் சீரமைக்கப்பட்டது. 2018-ல் உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் 2019-ல் நிறுத்திவைத்தார்கள். பிறகு 2022-ல் ஒரேயடியாக 25 முதல் 150 விழுக்காடு வரை ஏற்றினார்கள். நிதிக்குழு மானியத்துக்கு வரிச் சீரமைப்பை மத்திய அரசு நிபந்தனையாக்கியதும் ஒரு காரணம். இருபது ஆண்டு கண்ணை மூடிக்கொண்டு ஒருநாள் கழுத்தைப் பிடித்தால் மக்கள் கத்தத்தான் செய்வார்கள். ஆண்டுக்குச் சிறிது சிறிதாக ஏறினால் யாருக்கும் உறுத்தாது. காலிமனை வரியையும் ஒழுங்காக வசூலியுங்கள். பூட்டிவைத்த மனைக்குச் சும்மா இருப்பதே லாபம் என்றால் கட்டுவதற்கு யாருக்கும் அவசரம் வராது.

இதெல்லாம் சரி, ஒரு கவுன்சிலரால் என்ன முடியும் என்பீர்கள். 1992-ல் நிறைவேறி 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்கு மாநிலங்கள் கொடுக்கலாம் என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. பட்டியலின் முதல் பணியே நகரமைப்புத் திட்டம். கொடுத்தார்களா? சென்னையில் திட்டம் போடுவது பெருநகர வளர்ச்சிக் குழுமம், தண்ணீர் குடிநீர் வாரியத்திடம், பஸ் போக்குவரத்துக் கழகத்திடம். உங்கள் ஊரில் உள்ளூர்த் திட்டக் குழுமமும் நகர் ஊரமைப்பு இயக்ககமும். மாமன்றத்தில் நீங்கள் பேசுவது பெரும்பாலும் தெருவிளக்கும் குப்பையும்தான். 2015-ல் தொடங்கி 2025-ல் முடிந்த ஸ்மார்ட் சிட்டித் திட்டத்திலும் நூறு நகரங்களில் தனித்தனி நிறுவனம் பதிவு செய்துதான் பணத்தைச் செலவிட்டார்கள். மாமன்றம் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தது. அந்தக் கட்டுப்பாட்டு அறைகளை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். கொரோனா காலத்தில் பல ஊர்களில் அவை நன்றாகவே கைகொடுத்தன. ஆனால் ஆம்புலன்ஸ் எந்தச் சந்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது என்பதைத் திரையில் துல்லியமாகப் பார்ப்பதால் சந்து அகலமாகிவிடாது.

இருந்தும் உங்களிடம் இரண்டு பிடிகள் உண்டு. சேர்க்கப்பட்ட ஊராட்சிப் பகுதிகளுக்கு விரிவான வளர்ச்சித் திட்டம் தயாரிக்கக் கோரி மாமன்றத்தில் தீர்மானம் போடலாம். அது வரும்வரை, புதிய மனைப்பிரிவின் சாலைகள் பக்கத்து மனைப்பிரிவின் சாலைகளோடு சேருகின்றனவா என்று ஒவ்வொரு கோப்பிலும் கேட்கலாம். தானப் பத்திரம் உங்கள் மாநகராட்சியின் பெயருக்குத்தான் வருகிறது. வாங்கிக்கொள்கிறவருக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு.

அதற்கும் முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வார்டில் இன்னும் மனையாகாத சர்வே எண்களின் எஃப்.எம்.பி. தாள்களை இணையத்திலிருந்து இறக்கி, ஒரே அளவுக்கு மாற்றி, வீட்டுக் கூடத்தில் தரையில் பரப்பி ஒட்டுங்கள். நீல பென்சிலால் ஏரி, வாய்க்கால், ஓடை. பச்சையில் புறம்போக்கு. பழைய வண்டிப்பாதைகள் பல, தாளில் அகலமாகவும் நேரில் ஒற்றையடிப் பாதையாகவும் இருக்கும். புறம்போக்கு என்று பதிவானவை அரசு நிலம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, முதலில் அவற்றைச் சிவப்பில் வரையுங்கள். உங்கள் முதல் பெருஞ்சாலையின் பாதித் தூரம் அங்கேயே கிடைத்துவிடலாம். பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவரையும் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரையும் அழைத்துவந்து காட்டுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள், மூன்று மணி நேரம் ஆகும்.

ஒட்டும்போது எல்லாத் தாளிலும் வடக்கு மேலேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதல்முறை செய்தபோது ஒரு தாளைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, இரண்டு நாள் ஓர் ஓடையை மேட்டை நோக்கி ஓடவிட்டேன்.